ஆஸ்பத்திரிப் பில்லும் எங்கட கிரெடிட்டும்

(மில்லிக்கனில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கைவிசேஷம் வாங்குகிற நாளில் கடனைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறானே என்று சிலர் முகத்தைச் சுழிப்பது தெரிகிறது. என்ன செய்வது, சங்கத்தில் என்னிடம் வாசிப்பிக்கச் சனம் கொண்டுவருகிற கடிதங்களில் கலெக்சன்காரரின் கடிதமும் இருக்கிறது. "கனடாவில வைத்தியம் சும்மாதானே, பிறகேன் இது?" என்று கேட்கிறார்கள்.

ஓகிப் தருவது வைத்தியரும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்தான். அம்புலன்ஸ் ஏறினால் 45 டொலர். ஓகிப் இல்லாதவருக்கு 240. பல்லு, கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் எங்கட கைக்காசு. அம்புலன்ஸ் பில் பிறகு தபாலில் வரும். நாங்களோ ஒரு பேஸ்மென்டில் இருந்து இன்னொரு பேஸ்மென்டுக்கு மாறிக்கொண்டிருக்கிற ஆக்கள். கடிதம் பழைய விலாசத்துக்குப் போகும், 45 டொலர் கலெக்சனுக்குப் போகும்.

அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு மத்திய அரசின் இடைக்கால சுகாதாரத் திட்டம் இருக்கிறது. 2012இல் வெட்டினார்கள், 2016இல் முழுதாகத் திருப்பித் தந்தார்கள். ஒன்றைக் கவனியுங்கோ: நீங்கள் காசு கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் அந்தத் திட்டம் உங்களுக்குத் திருப்பித் தராது. அந்தத் திட்டத்தில் பதிந்த இடமா என்று வாசலிலேயே கேளுங்கோ.

பெரிய இடி சுப்பர் விசாதான். அம்மா அப்பாவுக்கு ஒரு லட்சம் டொலர் காப்புறுதி எடுத்துத்தான் கூப்பிடுகிறோம். ஆனால் முந்தியே இருந்த இருதய வருத்தம், சலரோகம் என்றால் கொம்பனி கைவிரிக்க இடமிருக்கிறது. பொலிசியை வாங்க முந்தி அந்தப் பக்கத்தை வாசியுங்கோ. அவசரப் பிரிவில் மகன் பதறிக்கொண்டு நிற்க ஒரு படிவம் நீட்டுவார்கள். "பணத்துக்கு நான் பொறுப்பு" என்று அதில் இருந்து, கையொப்பமும் வைத்தால், கடன் மகனுடையது. கட்ட ஏலாவிட்டால் ஆஸ்பத்திரிக் கணக்குப் பகுதியோடு அப்பவே கதைத்துத் தவணை கேளுங்கோ. கலெக்சனுக்குப் போன பிறகு கதைப்பது கஷ்டம்.

அமெரிக்காவில் 500 டொலருக்குக் குறைந்த மருத்துவக் கடனை 2023இல் கிரெடிட் றிப்போட்டிலிருந்து எடுத்தார்கள். முழுவதையும் எடுக்க 2025 ஜனவரியில் கொண்டுவந்த விதியை ஜூலையில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. இங்கே அந்தச் சலுகைப் பேச்சே இல்லை. கலெக்சனுக்குப் போனால் வருத்தக் கடனும் ரீவி வாங்கின கடனும் ஒன்றுதான். மோட்கேஜ் கேட்கப் போகும்போது தலைநீட்டும். கட்டினாலும் உடனே அழியாது, "கட்டியாச்சு" என்றுதான் மாறும். ஒன்ராறியோச் சட்டப்படி ஏழு வருடத்துக்கு மேல் அதை வைத்திருக்க ஏலாது.

ஈக்குவிபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டிலும் உங்கட றிப்போட்டை இலவசமாக எடுக்கலாம். எடுத்தால் புள்ளி குறையும் என்பது வெறுங்கதை. பிழை இருந்தால் எழுதிக் கேளுங்கோ, விசாரித்துத் திருத்துவது அவர்களின் கடமை. இருபது வருடம் ஒரு மாதமும் பிந்தாமல் சீட்டுக் கட்டின அக்காமாரை எனக்குத் தெரியும். அந்த நாணயம் அதில் ஒரு வரியும் வராது, அது எனக்கு எரிச்சல்தான்.

கலெக்சன்காரர் இரவு 9 மணிக்குப் பிறகு எடுக்கக் கூடாது. வழக்குப் போடப் பொதுவாக இரண்டு வருடம்தான் தவணை. ஆனால் அதற்குள் ஐம்பது டொலர் கட்டினாலும் அந்த இரண்டு வருடம் திரும்ப முதலில் இருந்து தொடங்கும். ஆகவே போனில் வாக்குக் கொடுக்க முந்தி கடிதத்தை யாரிடமாவது காட்டுங்கோ.

தேத்தண்ணி வருகுது. பின்மேசையில் நிற்கிறன், உடைக்காத கவர் இருந்தால் கொண்டு வாங்கோ.