ஐம்பத்து மூன்றாவது பெயர்

ஆகஸ்டு மாதம் முடியும் தறுவாயில் அமெரிக்க நாட்டில் ஒருவகைச் சோதிடம் களைகட்டும். கோள்களையோ கைரேகையையோ பார்த்துச் சொல்லும் சோதிடமன்று அது. தொழில்முறைக் கால்பந்து அணி ஒவ்வொன்றும் தன் இறுதிப் பட்டியலில் எவரெவரை வைத்துக்கொள்ளும், எவரெவரை ஊருக்கு அனுப்பிவிடும் என்று முன்கூட்டிக் கூறுவதே அச்சோதிடம். பத்திரிகை நிருபர்கள் மட்டுமல்லாமல், ஆட்டத்தில் ஆர்வமுள்ள சாமானியர்களும் ஆளுக்கொரு பட்டியல் தயாரித்து வைத்துக்கொண்டு, தத்தம் தீர்க்கதரிசனம் பலிக்கும் நாளுக்காகக் காத்திருப்பர்.

கால்பந்து என்றதும் கொல்கத்தாவில் வாழும் நேயர்களுக்கு மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் நினைவுக்கு வரக்கூடும். அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் முற்றிலும் வேறு. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும், தலைக்கவசம் தரித்த 11 பேர் எதிரணியின் 11 பேரை முட்டித் தள்ளி முன்னேறும் ஆட்டம் அது. பந்தைக் காலால் உதைக்கும் சந்தர்ப்பங்கள் அதில் சொற்பமே. எனினும் நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயத்தில் அந்தச் சொற்ப வேலைக்குப் பெரும் பங்கு உண்டென்பதைப் பின்னர்க் காண்போம்.

தேசியக் கால்பந்து லீக் எனப்படும் அமைப்பில் 32 அணிகள் உள்ளன. கோடைப் பயிற்சி முகாமுக்கு ஒவ்வோர் அணியும் 90 பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். போட்டிப் பருவம் தொடங்குமுன் அந்த எண்ணிக்கையை 53 ஆகக் குறைத்தாக வேண்டும். 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் இதைப் படிப்படியாகச் செய்தனர். 2023 முதல் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அந்த நாள் ஆகஸ்டு இறுதியில் ஒரு செவ்வாய்க்கிழமையாக அமைந்திருக்கிறது; கெடு, நியூயார்க் நேரப்படி மாலை 4 மணி. நம் நாட்டில் அப்போது புதன் பிறந்து அதிகாலை 1.30 மணி. நாம் உறங்கிக்கொண்டிருக்கையில் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் ஒரே மூச்சில் வேலையிழக்கின்றனர்.

இந்தச் சோதிடர்களுள் ஒருவர், 53 பெயர்களில் 48 பெயர்களைச் சரியாகச் சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு பலித்தது என்று அவர் மார்தட்டிக்கொள்வார். ஆனால் சற்றே கணக்குப் பார்க்க வேண்டும். பெரும்பொருள் கொடுத்து ஒப்பந்தம் செய்யப்பட்ட ஆட்டக்காரர்கள், சென்ற பருவம் முழுவதும் களத்தில் நின்றவர்கள், கல்லூரிகளிலிருந்து வீரர்களைப் பொறுக்கியெடுக்கும் ஆண்டுத் தேர்வின் முதற் சுற்றுகளில் வந்தவர்கள் ஆகியோரை எண்ணினாலே நாற்பதைத் தாண்டிவிடும். அவர்கள் பெயரைச் சொல்வதற்குச் சோதிடம் வேண்டியதில்லை. மீதியுள்ள பத்து இடங்களே மெய்யான கேள்வி. அவற்றில் ஐந்து பலித்து ஐந்து பொய்த்ததென்றால், நாணயத்தைச் சுண்டிப் பார்த்தவனும் அவ்வளவு சொல்லியிருப்பான் அல்லவா?

அந்தப் பத்து இடங்களும் ஏன் கணிப்புக்கு எட்டுவதில்லை? திறமையில் முந்தியவர் முந்தி நிற்பார் என்னும் எளிய நியாயம் அங்கே செல்லுபடியாவதில்லை என்பதே காரணம். பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர்கள் ஐவரோ அறுவரோதான் ஓர் அணிக்குத் தேவை. முதல் மூவர் திறமையால் தேர்வாவர். ஆறாமவரைத் தேர்ந்தெடுக்கையில் பயிற்சியாளர், “இவர் எத்தனை பந்து பிடித்தார்?” என்று கேட்பதில்லை, “பந்தை உதைக்கும்போது எதிர்முனைக்குப் பாய்ந்தோடி, அங்கே பந்தைப் பெற்று வருபவனை வீழ்த்துவாரா?” என்றுதான் கேட்பார். நாம் முன்னே குறிப்பிட்ட சொற்ப வேலை இதுவே. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் மேத்யூ ஸ்லேட்டர் 2008 முதல் 16 பருவங்கள் ஆடினார். ஏட்டிலே அவர் பந்து பிடிப்பவர். இத்தனை ஆண்டுகளில் அவர் பிடித்த பந்தோ ஒன்றே ஒன்று, 2011-இல். பிடித்த பந்துகளை எண்ணி ஆருடம் கூறியவர் ஒவ்வோர் ஆண்டும் அவர் பெயரை அடித்திருக்க வேண்டும். ஆனால் உதைப்பந்து வேளைகளில் ஓடி வீழ்த்தும் கலையில் நாட்டிலேயே சிறந்தோர் வரிசையில் வைத்து 10 முறை கௌரவிக்கப்பட்டவர் அவர்.

இன்னொரு காரணம் பொருளைச் சார்ந்தது. ஆண்டுத் தேர்வில் முன்வரிசையில் எடுத்த இளைஞனுக்குக் கொடுத்த முன்பணம், அவனை நீக்கினாலும் அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கில் நின்று வருத்தும். அவனைத் தேர்ந்தெடுத்த நிர்வாகியின் கௌரவமும் அதில் கலந்திருக்கிறது. அழைப்பாரின்றி முகாமுக்கு வந்த ஒருவன் அவனைவிடச் சற்று மேலாக ஆடினாலும் போதாது. வெகுவாக மேம்பட்டு ஆட வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், நியாயமன்று என்பதே நம் அபிப்பிராயம்.

மூன்றாவதாக ஓர் அச்சமும் வேலை செய்கிறது. நான்கு பருவங்களுக்குக் குறைவாகப் பணியாற்றிய ஒருவரை நீக்கினால், மறுநாள் நண்பகல் வரை மற்ற 31 அணிகளும் அவரைக் கேட்டுப் பெறலாம். முந்தைய பருவத்தில் தாழ்ந்து நின்ற அணிக்கே முதல் உரிமை. அதனால், இன்றைக்குப் பயன்படாத இளைஞன் பிறர் கைக்குப் போய்விடுவானோ என்று அஞ்சி அவனை வைத்துக்கொள்வதும், இன்றைக்கே பயன்படும் மூத்தவரை நீக்குவதும் உண்டு. மூத்தவர் அந்த முறைக்கு உட்பட்டவரல்லர். “இரண்டு நாள் பொறுத்திருங்கள், மீண்டும் அழைத்துக்கொள்கிறோம்” என்று காதோடு காதாகச் சொல்லி அனுப்புவர். 2000-ஆம் ஆண்டில் பேட்ரியட்ஸ் அணி, ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்துக்கு நால்வரை வைத்துக்கொண்டது. இருவரோ மூவரோ போதும் என்பதே வழக்கம். நான்காமவர் ஆண்டுத் தேர்வில் 199-ஆவதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி. வழக்கத்தை அளவுகோலாகக் கொண்ட எந்தச் சோதிடரும் அவரை ஊருக்கு அனுப்பியிருப்பார். 2001 பருவத்தில் முதல்வருக்குக் காயம் பட்டது, பிரேடி களமிறங்கினார், அப்பருவத்தின் சாம்பியன் பட்டம் அவ்வணிக்குக் கிட்டியது.

இதற்கு எதிரான கதையும் உண்டு. 1955-ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி ஜானி யூனிடஸ் என்னும் இளைஞரை ஒன்பதாம் சுற்றில் எடுத்துவிட்டு, பருவம் தொடங்குமுன்னரே நீக்கிவிட்டது. அவர் கட்டட வேலை செய்துகொண்டே, ஆட்டத்துக்கு 6 டாலர் கூலி பெற்று உள்ளூர் அணியொன்றில் ஆடினார். மறு ஆண்டு பால்டிமோர் கோல்ட்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1958, 1959 இரு ஆண்டுகளிலும் அவ்வணியே சாம்பியன். 1994-இல் கிரீன் பே அணியால் நீக்கப்பட்டு, மளிகைக் கடையில் இரவெல்லாம் பண்டங்களை அடுக்கிய கர்ட் வார்னரும் 1999 பருவத்தில் இத்தகைய ஏற்றத்தைக் கண்டார். இக்கதைகளை அமெரிக்கர் விரும்பிச் சொல்வர். திரும்பி வந்தவர்களின் கதைகளாதலால் அவை நம் காதுக்கு எட்டின. வராதவர்களைப் பற்றிச் சொல்லுவார் இல்லை.

நீக்கப்படுபவர் இழப்பது என்ன? 2024 பருவத்தில் பட்டியலில் இடம்பெற்ற புதியவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் 7,95,000 டாலர். பட்டியலில் இடமின்றி, பயிற்சிக் குழுவில் மட்டும் இருத்திக்கொள்ளப்பட்டவருக்கு வாரம் 12,500 டாலர். 18 வாரமும் நீடித்தால் 2,25,000. ஒவ்வோர் அணியும் பயிற்சிக் குழுவில் 16 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். அதிலும் இடம் கிட்டாதவருக்கு ஊதியமே இல்லை. அரசாங்க உத்தியோகத்தில் உள்ள நேயர்கள் இன்னொன்றையும் கவனிப்பார்கள்: மூன்று பருவங்கள் கணக்கில் சேர்ந்தால்தான் ஓய்வூதிய உரிமை. ஆகவே மூன்றாம் ஆண்டில் 53-ஆவது பெயராக நிற்பவனுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை முதுமையையும் சேர்த்துத் தீர்மானிக்கும் நாளாகும்.

நீக்கப்பட்ட செய்தியைக் கொண்டுவரும் ஊழியருக்கு ஆட்டக்காரர்கள் “துருக்கியர்” என்று பட்டப்பெயர் இட்டிருக்கிறார்கள். முகாம் அறையின் கதவைத் தட்டி, பயிற்சியாளர் அழைக்கிறார் என்றும், ஆட்டமுறைகள் அடங்கிய ஏட்டைக் கையோடு கொண்டுவரும்படியும் அவர் கூறுவார். ஏட்டைக் கேட்டுவிட்டால் போதும். மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. சொந்த ஊரைவிட்டு வந்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தேர்வுப் பட்டியலில் தம் எண்ணை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை தேடிய அனுபவம் நம்மிற் பலருக்கும் உண்டு. எண் இல்லையேல் நாம் மறு ஆண்டு மீண்டும் எழுதினோம். அங்கே மறு ஆண்டு என்றால் முழங்காலுக்கும் ஒரு வயது கூடிவிடும்.

புதன்கிழமை நண்பகல் கழிந்ததும் கணக்குகள் மாறத் தொடங்கும். வேறோர் அணி நீக்கிய ஆட்டக்காரரைக் கேட்டுப் பெற்ற அணி, அவருக்கு இடம் செய்ய மற்றொருவரை நீக்கும். காயமுற்றோர் தனிப் பட்டியலுக்கு மாற்றப்படுவர். காதோடு காதாகச் சொல்லி அனுப்பப்பட்ட மூத்தவர் திரும்பி வருவார். தம் கணிப்பில் எத்தனை பலித்தது என்று சோதிடர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும்போதே, செவ்வாய்க்கிழமை இரவு ஊருக்குத் தொலைபேசி செய்து, “இடம் கிடைத்துவிட்டது, அம்மா” என்று சொன்ன ஒருவனின் கதவை மீண்டும் யாரோ தட்டிக்கொண்டிருப்பார்கள்.