அம்மை கண்ட பிள்ளையும் நம் வகுப்பறையும்

(குறுவளமையக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொற்றுநோய் பரவும்போது பள்ளியில் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்தேன். ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு என்று அறிவித்திருந்தேன். பிப்ரவரியில் ஒருநாள், நல்ல வெயிலில் ஒரு மாணவி ஸ்வெட்டர் போட்டு வந்திருந்தாள். மூன்றாம் பாடவேளையில்தான் கழுத்தில் இருந்த கொப்புளங்களைப் பார்த்தேன். பதற்றத்தில், "அம்மையோடு யார் உன்னைப் பள்ளிக்கூடம் வரச் சொன்னது? எடு பையை" என்று வகுப்பே கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள்.

குணமாகித் திரும்பி வந்த பிறகும் அந்த பெஞ்சில் அவள் தனியாகத்தான் உட்கார்ந்தாள். அவளுடைய அம்மா வந்து சொன்னார்: "அம்மா இறங்கிட்டா சார். ஆனா பிள்ளைங்க இன்னும் இவகூட உட்கார மாட்டேங்குதுங்க." அம்மை பத்து நாளில் போய்விட்டது. நான் போட்ட சத்தம் ஆண்டு முடியும்வரை போகவில்லை.

அந்தப் பிள்ளை ஏன் மறைத்தாள்? என் பரிசுக்காக. அவளை ஏன் ஒதுக்கினார்கள்? என் சத்தத்தால். விதி தெரிந்திருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம்.

கொரோனா காலத்தில் 'தனிமைப்படுத்துதல்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்தினோம். நோய் கண்டவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைப்பது ஒன்று. அதை ஐசொலேஷன் என்கிறோம். நோயாளியோடு பழகிய, இன்னும் நோய் காணாதவரைக் குறிப்பிட்ட நாள்வரை விலக்கி வைத்துக் கவனிப்பது மற்றொன்று, அது குவாரன்டைன். இத்தாலிய மொழியில் நாற்பது என்ற எண்ணிலிருந்து வந்த சொல் இது. கொள்ளைநோய்க் காலத்தில் வெனிஸ் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களை நாற்பது நாள் காக்க வைத்தார்கள். பள்ளியில் பெரும்பாலும் தேவைப்படுவது முதலாவதுதான். கூடப் படித்த பிள்ளைகளை வீட்டில் நிறுத்த வேண்டுமா, பள்ளியை மூட வேண்டுமா என்பதைச் சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் சொல்ல வேண்டும். நாமாக முடிவெடுக்கக் கூடாது.

இனி நாள் கணக்கு. சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கும். எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும். இதற்குப் பெரும்பாலும் 5 முதல் 7 நாள் ஆகும். பொருக்கு உதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உடன் பழகிய பிள்ளைகளுக்கு வருவதாக இருந்தால் 10 முதல் 21 நாளுக்குள் வரும். அதுவரை அவர்களைக் கவனித்து வர வேண்டும். தட்டம்மை, தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து தோன்றிய 4 நாள்வரை தொற்றும். பொன்னுக்குவீங்கிக்கு, வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள் வீட்டில் இருக்க வேண்டும். ஃப்ளூ காய்ச்சல் என்றால், மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பிறகு வரலாம். எதுவானாலும் மருத்துவர் கூடுதல் நாள் சொன்னால் அதுவே கணக்கு.

இந்தக் கணக்கில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அம்மை வெளியே தெரியுமுன்பே பரவிவிடுகிறது. ஆகவே எந்தப் பிள்ளையையும் "நீதான் கொண்டுவந்தாய்" என்று சொல்ல முடியாது. நாள் முடிந்து திரும்பி வரும் பிள்ளையிடமிருந்து தொற்றாது. ஆகவே தனி பெஞ்சுக்கு எந்தக் காரணமும் இல்லை.

நம் ஊர்ப் பழக்கத்தையும் ஒதுக்கிப் பேச வேண்டாம். வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்குள் அயலார் போகமாட்டார்கள். மூன்று தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே அனுப்பமாட்டார்கள். இதுவும் தனிமைப்படுத்துதல்தான். அம்மன் வழிபாட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டுங்கள் என்று பெற்றோரிடம் சொன்னால் கேட்பார்கள். மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, நினைவு மங்குதல் இருந்தால் காத்திருக்கக் கூடாது என்றும், ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது? ஏதோ வேலை சொல்வதுபோல் வெளியே அழைத்துச் செல்லுங்கள். சன்னல் திறந்த அறையில், முன்பே அம்மை கண்ட பெரியவர் ஒருவர் துணைக்கு இருக்கட்டும். பெற்றோர் வரும்வரை தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரைப் போடாதீர்கள். "வகுப்பில் ஒருவருக்குச் சின்னம்மை" என்பது போதும். பள்ளியில் கருவுற்ற ஆசிரியையோ, புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் பிள்ளையோ இருந்தால் அவர்களுக்கு அன்றே தெரிவியுங்கள். அவர்களுக்குச் சின்னம்மை ஆபத்தாகலாம். ஒரே வகுப்பில் இரண்டாவது பிள்ளைக்கும் வந்தால் சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். தட்டம்மை என்ற ஐயம் வந்தால் முதல் பிள்ளைக்கே சொல்லிவிடுங்கள். அது மிக வேகமாகப் பரவும். தடுப்பூசி விட்டுப்போன பிள்ளைகளைக் கண்டறிய அவர்களால் முடியும்.

கடைசியாக, வருகைப் பரிசு. அதை நான் அந்த ஆண்டோடு நிறுத்திவிட்டேன். வீட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பாடக் குறிப்பு போய்ச் சேர வேண்டும். விடுபட்ட தேர்வைப் பிறகு எழுதலாம் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதி இருந்தால் எந்தப் பிள்ளையும் ஸ்வெட்டர் போட்டு மறைத்து வராது.

திரும்பி வருகிற முதல் நாள், அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் நின்று நோட்டைத் திருத்துங்கள். மற்றப் பிள்ளைகள் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.