சுவனச் சோலையும் மண்ணில் எழுந்த தோட்டங்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளிவாசல் முன்முற்றம் முழுவதும் தளக்கல் பதிப்பது பற்றிய தீர்மானம் இன்று தங்கள் முன் வருகின்றது. அங்குள்ள வேம்பும் வாதுமையும் அகற்றப்பட வேண்டியிருக்கும் என்பதும் அதில் அடக்கம். எனக்குத் தரப்பட்ட தலைப்போ, தோட்டக்கலையில் மார்க்கம் பதித்த தடங்கள் என்பது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடுவதைத் தாங்களே காண்பீர்கள்.

திருமறை சுவர்க்கத்தை ‘ஜன்னத்’ என்று அழைக்கின்றது. தோட்டம் என்பதே அதன் நேர்பொருள். மறைத்தல் என்னும் கருத்துடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. தரை தெரியாதவாறு மரங்கள் அடர்ந்து நிழல் தரும் இடம் என்க. சூரா அர்ரஹ்மான் முதலில் இரு தோட்டங்களையும், பின்னர் வேறு இரு தோட்டங்களையும், அவற்றின் நீரூற்றுகளையும், கனிகளையும், பேரீச்சையையும் மாதுளையையும் எடுத்துரைக்கின்றது. சூரா முஹம்மதின் பதினைந்தாம் வசனம் நீர், பால், மது, தேன் என நால்வகை ஆறுகளைக் கூறுகின்றது.

நடுவில் தடாகம், அதிலிருந்து நாற்புறமும் செல்லும் வாய்க்கால்கள், அவற்றால் பிரிக்கப்பட்ட நான்கு சோலைகள். ‘சார்பாக்’ எனப் பாரசீகத்தார் வழங்கிய இவ்வமைப்பில், இறையச்சமுடையோர் இவ்வசனங்களின் சாயலைக் கண்டனர். இவ்வமைப்பை முஸ்லிம்களே கண்டுபிடித்தனர் என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. அது சரியன்று. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஈரானின் பசர்கடேயில் மன்னர் சைரஸ் அமைத்த தோட்டத்தின் கல் வாய்க்கால்கள் அகழாய்வில் வெளிப்பட்டுள்ளன. ‘ஃபிர்தவ்ஸ்’ என்ற சொல்லும் மதில் சூழ்ந்த தோட்டத்தைக் குறிக்கும் பழைய ஈரானியச் சொல்லின் வழியில் வந்ததே. வறண்ட நிலத்தார் வகுத்த வடிவத்திற்கு இஸ்லாம் புதியதொரு பொருளைத் தந்தது என்பதே முறை.

இந்தப் பொருள் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு ஆக்ராவின் தாஜ்மஹால் சான்று. 1632இல் பணி தொடங்கிய அக்கட்டடத்தின் பெருவாயிலில் சூரா அல்ஃபஜ்ர் பொறிக்கப்பட்டுள்ளது. அமைதியடைந்த ஆன்மாவைச் சுவனத்திற்குள் நுழையுமாறு அழைப்பதுடன் அந்த அத்தியாயம் நிறைவுறும். வாயிலைக் கடந்தவர் கண்முன் தோட்டம் விரியும். ஆனால் இன்று காண்போர் பார்ப்பது பெரும்பாலும் புல்வெளியே. கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்துச் சீரமைப்பில் ஆங்கிலேயரின் பூங்கா முறை அங்கே புகுந்தது. நிழலும் கனியும் குறைந்து, கட்டடத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்கான திடலாகத் தோட்டம் மாறிற்று.

தில்லியில் ஹுமாயூன் அடக்கத்தலத்தின் தோட்டமும் இதே நிலையை அடைந்திருந்தது. வாய்க்கால்கள் வறண்டு கிடந்தன. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை 1997இல் மேற்கொண்ட பணி 2003இல் நிறைவுற்றது. வாய்க்கால்களை மீண்டும் அமைத்தபோது நாற்பது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் மட்டுமே சரிவு கொடுத்தனர். அந்தக் கொத்தனார்களின் கைத்திறனை எண்ணிப் பாருங்கள்! மழைநீர் நிலத்தில் இறங்க 128 குழிகள் தோண்டப்பட்டன. மா, எலுமிச்சை, வேம்பு முதலானவை நடப்பட்டன. இன்று அங்கே நீர் ஓடுகின்றது.

இவை அரசர்களின் தோட்டங்கள். பள்ளிவாசலுக்கும் மரத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபாவின் ஜாமிஆப் பள்ளி முற்றத்தில், இமாம் அவ்ஸாயீ (ரஹ்) அவர்களின் வழியைப் பின்பற்றிய ஸஃஸஆ பின் ஸல்லாம் என்னும் அறிஞரின் காலத்தில் மரங்கள் நடப்பட்டன. மாலிகீ அறிஞர்கள் அதனை விரும்பவில்லை. நம் ஷாஃபிஈ நூல்களிலும் பள்ளிக்குள் மரம் நடுவது மக்ரூஹ் என்ற கருத்துண்டு. தொழுவோருக்கு இடம் குறையலாகாது என்ற அக்கறையும் இதில் உண்டு. அதனை நாம் மதிக்க வேண்டும். எனினும் கொர்தோபாவில் மரங்கள் நிலைத்தன. 1236இல் அப்பள்ளி கிறிஸ்தவர்கள் கைக்குச் சென்ற பின்னரும் முற்றம் சோலையாகவே தொடர்ந்தது. இன்று அங்கே நிற்பவை ஆரஞ்சு மரங்கள்.

நம் முன்முற்றத்தில் பெருநாள் தொழுகையைத் தவிர ஸஃப்புகள் நிற்பதில்லை. ஆகவே இடக்குறைவு என்ற காரணம் இங்கே எவ்வளவு பொருந்தும் என்பதை உலமாப் பெருமக்கள் விளக்கியருள வேண்டும். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ உண்பது அவருக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழியைத் தாங்கள் அறிவீர்கள். ஒளு செய்த நீரையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். பயன்படுத்தப்பட்ட அந்நீரைக் கொண்டு மீண்டும் ஒளு செய்ய இயலாது. ஆயினும் அது அசுத்தமன்று, மரத்திற்குப் பாய்ச்சத் தடையில்லை. இப்பொழுது ஐவேளையும் அது சாக்கடையில் கலக்கின்றது.

எனவே தீர்மானத்தை வாக்கிற்கு விடுமுன், நடைபாதைக்கு மட்டும் கல் பதித்து, ஹவ்ளிலிருந்து இரு மரங்களுக்கும் சிறு வாய்க்கால் எடுப்பதற்கான மதிப்பீட்டையும் கொத்தனாரிடம் பெறுமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.