மலைவழி ஆற்றுப்படை
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘பயணமும் இலக்கியமும்’ என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். ஏ. கே. செட்டியாரின் பயண நூல்களைப் பற்றி நான் உரைப்பேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று நூலைப் பற்றியன்று, ஒரு வழியைப் பற்றிப் பேச விழைகிறேன். அவ்வழியில் நான் மிதிவண்டியில் இறங்கினேன், பாதியில் விழுந்தேன். விழுந்த கதையை மேடையில் சொல்வது பேராசிரியர்களுக்கு எளிதன்று. ஆயினும் மலைபடுகடாத்தை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவந்த நான், அந்நூலின் ஒரு பகுதியை அந்த வழியில்தான் முதன்முதலாகப் புரிந்துகொண்டேன். அதனாலேயே சொல்லத் துணிந்தேன்.

தென் அமெரிக்காவில் பொலிவியா என்னும் நாடு உள்ளது. அதன் ஆட்சி நகரமாகிய லா பாஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் அமைந்தது. நம் தொட்டபெட்டாவை விட ஆயிரம் மீட்டர் உயரம் கூடுதல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்நகரிலிருந்து வடகிழக்கே ஏறினால் லா கும்ப்ரே என்னும் கணவாய். உயரம் ஏறத்தாழ 4,650 மீட்டர். அங்கே மரமில்லை, கல்லும் பனியும் காற்றுமே. அக்கணவாயைக் கடந்து மறுபுறம் இறங்கினால் யுங்காஸ் என்னும் வெப்பநிலம். காப்பி, ஆரஞ்சு, வாழை, கொக்கா ஆகியவை விளையும் மலைச்சரிவு அது. மேலே குறிஞ்சி என்றுகூடச் சொல்ல முடியாத வெற்றுப் பாறை. கீழே நம் கொல்லிமலை அடிவாரம் போன்ற பசுமை. யோலோசா என்னும் அடிவாரச் சிற்றூர் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆக, அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவுக்குள் மூவாயிரத்து நானூறு மீட்டருக்கு மேல் இறக்கம்.

இவ்வழியின் பழைய பகுதி 1930களில் வெட்டப்பட்டது. 1932 முதல் 1935 வரை பொலிவியாவுக்கும் பராகுவே நாட்டுக்கும் சாக்கோ நிலத்தின் பொருட்டு நடந்த போரில் சிறைப்பட்ட பராகுவே வீரர்களைக் கொண்டு இதனை வெட்டுவித்தார்கள். தட்டையான சமவெளி நாட்டிலிருந்து வந்தவர்கள், செங்குத்தான பாறையில் உளி பிடித்தார்கள். வழியின் அகலம் பல இடங்களில் மூன்று மீட்டருக்குச் சற்றே அதிகம். ஒரு லாரிக்கு மட்டுமே இடம். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் வெறும் வானம். சில இடங்களில் பள்ளத்தின் ஆழம் 600 மீட்டருக்கு மேல். தடுப்புச் சுவர் என்பது ஏறக்குறைய இல்லை. ஆண்டுக்கு 200 முதல் 300 பேர் வரை இங்கு மடிந்ததாக மதிப்பிட்டார்கள். 1983 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒரே பேருந்து கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1995 இல் அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கியொன்று இதனை உலகிலேயே மிகவும் இடர் மிகுந்த சாலை என்று குறித்தது. மக்கள் அதற்கு முன்பே ‘சாவு வழி’ என்று பெயரிட்டிருந்தார்கள்.

வங்கி சொன்னதன் விளைவு விந்தையானது. வெளிநாட்டு இளைஞர்கள் அந்தச் சாலையில் மிதிவண்டியில் இறங்க விரும்பி வந்தார்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து வழிகாட்டியோடு கூடிய சுற்றுலாக்கள் தோன்றின. 2006 ஆம் ஆண்டளவில் பாலங்களும் சுரங்கப் பாதையும் கொண்ட புதிய சாலை திறக்கப்பட, பேருந்தும் லாரியும் பெரும்பாலும் அதற்கு மாறிக்கொண்டன. பழைய வழி மிதிவண்டிக்காரர்களுக்கு எஞ்சியது. அவர்களிலும் பலர் விழுந்து இறந்திருக்கிறார்கள்.

2018 ஆம் ஆண்டு சூன் திங்களில் நான் அங்குச் சென்றேன். என் தம்பி அப்போது பெரு நாட்டில் பொறியாளன். விடுமுறைக்கு அழைத்திருந்தான். அவன் மகளுக்குப் பதினேழு வயது. அவள்தான் இச்சுற்றுலாவைக் கேட்டு அடம்பிடித்தாள். அவள் தாய் மறுத்தாள். நான் இடையில் புகுந்து, “நான் கூடப் போகிறேன், பார்த்துக்கொள்கிறேன்” என்று வாக்களித்தேன்.

வாக்களிக்க எனக்கு ஒரு செருக்கு இருந்தது. நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம். என் அம்மா முப்பத்தைந்து வயதில், குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் வண்டியில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கற்றார். அவர் கற்ற வண்டியிலேயே நானும் கற்றேன். எங்கள் ஊரில் மேடென்பது கண்மாய்க் கரை ஒன்றுதான். அதனால் பிரேக் என்பது வீட்டு வாசலில் நிற்பதற்கானது என்ற அளவிலேயே எனக்குப் பழக்கம்.

விடியலில் லா கும்ப்ரேயில் வேன் நின்றது. தலைக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு எல்லாம் தந்தார்கள். வழிகாட்டி இளைஞர் அய்மாரா இனத்தவர். சிறு புட்டியிலிருந்து சாராயத்தை முதலில் மண்ணுக்கு இரண்டு சொட்டும், பிறகு ஒவ்வொருவர் முன் சக்கரத்துக்கு இரண்டு சொட்டும் விட்டார். பச்சமாமா என்னும் நிலத்தாய்க்குப் படையல். சாலையோரம் நாய்கள் இடைவெளி விட்டு அமர்ந்திருந்தன. போகிற ஓட்டுநர்கள் அவற்றுக்கு ரொட்டி எறிந்துவிட்டுப் போனார்கள். நம் ஊரில் எலுமிச்சம்பழம் நசுக்குவதைப் போல என்று தம்பி சொன்னான்.

பின்னர் வழிகாட்டி விதிகளைச் சொன்னார். அந்நாட்டில் எங்கும் சாலையின் வலப்பக்கம் செல்வார்கள். இவ்வழியில் மட்டும் இடப்பக்கம். காரணம் இது: அந்நாட்டு வண்டிகளில் ஓட்டுநர் இடப்புறம் அமர்கிறார். இறங்கும்போது பள்ளமும் இடப்புறம். இறங்குகிற ஓட்டுநர் பள்ளத்தின் ஓரமாகச் சென்றால், சன்னல் வழியே தலையை நீட்டித் தம் சக்கரம் விளிம்பிலிருந்து எத்தனை விரல் தள்ளியிருக்கிறது என்று கண்ணால் காணலாம். ஏறுகிறவருக்குப் பாறைப்பக்கமும் முதல் உரிமையும் உண்டு. இறங்குகிறவர்தான் ஒதுங்க வேண்டும். உயிர்களை விலையாகக் கொடுத்துக் கண்ட இலக்கணம் அது. விதிவிலக்குக்கு இவ்வளவு தெளிவான காரணம் சொல்லும் நூற்பாவை நான் கண்டதில்லை.

அடுத்து அவர் இடக்கைப் பிரேக்கைத் தொட்டுக் காட்டினார். “இது முன் சக்கரம். மென்மையாக” என்றார். நான் தலையாட்டினேன். வகுப்பில் கேளாமலே தலையாட்டும் மாணவியரைப் பலமுறை கடிந்தவள் நான். அம்மாவின் வண்டியில் வலக்கைதான் முன் சக்கரம், இடக்கை பின் சக்கரம்.

முதல் பகுதி தார்ச்சாலை. குளிரில் விரல் மரத்தது. கண்ணில் நீர் வழிந்தது. உந்துவாவி சோதனைச் சாவடி கடந்து, சுஸ்பிப்பாட்டா என்னுமிடத்தில் தார் முடிந்து கல்லும் மண்ணுமான பழைய வழி தொடங்கிற்று. பள்ளத்திலிருந்து முகில் ஏறி வழியை மூடியது. முன்னே சென்ற அண்ணன்மகள்... இல்லை, தம்பி மகள்! எங்கள் வீட்டில் எல்லாரும் இன்னும் இப்படித்தான் என்னைத் திருத்துகிறார்கள்; அவள் உயரத்தைப் பார்த்தால் தம்பிக்கு அவ்வளவு பெரிய மகளா என்று தோன்றும். அவள் முகிலுக்குள் சென்று மறைந்தாள். அவளை எட்டவேண்டும் என்ற பதற்றத்தில் நான் விரைந்தேன். ஒரு வளைவு வந்தது. கல் மீது சக்கரம் துள்ளியது. பின் சக்கரத்தை நிறுத்துவதாக எண்ணி இடக்கையை இறுகப் பிடித்தேன்.

முன் சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. வண்டியைத் தாண்டி விழுந்தேன். விழுந்தது வழியின் நடுவில். வண்டி மட்டும் இடப்பக்கம் சறுக்கி, விளிம்புக்கு இரண்டு முழம் இப்பால் கிடந்தது. சிறிது நேரம் எழவே இல்லை. கீழே எங்கோ நீர் விழும் ஓசை மட்டும் கேட்டது. அது எவ்வளவு கீழே என்று எண்ணியபோதுதான் உடல் நடுங்கியது.

பின்னால் வந்த இரண்டாம் வழிகாட்டி கையைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியிருந்தது. வேனிலிருந்து இறங்கி ஓடிவந்த தம்பி, “போதும் அக்கா, வேனில் ஏறிக்கொள்” என்றான். “அவள்?” என்றேன். அவளோ இரண்டு வளைவு முன்னால் இருந்தாள். நான் விழுந்ததே அவளுக்குத் தெரியாது.

அடுத்த ஒன்றரை மணி நேரம்தான் நான் சொல்ல வந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்களித்தவள் வேனில் அமர்ந்திருக்கிறேன். பிள்ளை பள்ளத்தின் விளிம்பில் போகிறாள். வளைவுக்கு வளைவு ஒரு சிவப்புத் தலைக்கவசம் தெரியும், மறையும். தெரிகிறபோது மூச்சு விடுவேன்.

வேன் ஓட்டுநருக்கு அறுபது வயதிருக்கும். புதிய சாலை வருமுன் இவ்வழியில் லாரி ஓட்டியவர். தம்பி இசுப்பானிய மொழியில் அவரோடு பேசி எனக்குச் சொல்லிவந்தான். ஆரஞ்சு ஏற்றிய லாரியின் மேல் பத்துப் பதினைந்து பேர் அமர்ந்து வருவார்களாம். எதிரில் வண்டி வந்தால் இறங்குகிறவர் பின்னோக்கிச் சென்று அகலமான இடம் தேட வேண்டும். உதவியாள் இறங்கி நடந்து, உடம்பில் தட்டித் தட்டி வழி சொல்வான். தட்டு நின்றால் லாரியும் நிற்கவேண்டும். மழைக்காலத்தில் விளிம்பு ஊறிப்போய், நேற்று இருந்த வழி இன்று இராது. பெரிய வளைவுகளில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் ஏந்தி ஆட்கள் நிற்பார்கள். எவரும் அவர்களை அமர்த்தவில்லை. ஓட்டுநர்கள் எறியும் காசே அவர்கள் கூலி. இரவில் ஓட்டுவது ஒருவகையில் எளிது என்றார். எதிர்வண்டியின் விளக்கு நெடுந்தொலைவிலேயே தெரியுமாம்.

நான் எவ்வளவு பணம் கட்டினேன் என்று கேட்டார். தம்பி சொன்னான். அவர் சிரித்தார், இகழ்ச்சியாக அன்று. “இந்த வழியில் போவதற்கு எங்களுக்குப் பணம் கொடுத்தார்கள். நீங்கள் பணம் கொடுத்துப் போகிறீர்கள்” என்றார். எனக்கு விடை இல்லை. சிவப்புத் தலைக்கவசத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். “அந்தப் பெண் நன்றாக ஓட்டுகிறாள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறாள்” என்று அவரே சொன்னார். அவரும் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

வழியெங்கும் சிலுவைகள் நின்றன. சிலவற்றில் செயற்கைப் பூக்கள். பலவற்றில் பெயர் மழையில் கரைந்திருந்தது. அகநானூற்றுப் பாலைப் பாடல்களில் சுரத்தின் நடுகற்கள் வருகின்றன. உளியால் பொறித்த எழுத்துத் தேய்ந்துபோய், வழிப்போக்கர் தெளிவாகப் படிக்க முடியாமல் நிற்கும் கற்கள் அவை. அதனை எழில் மிக்க வருணனை என்றே மாணவியருக்குச் சொல்லிவந்தேன். பிள்ளை எங்கே என்று தேடுகிற கண்ணோடு, படிக்க முடியாத பெயர் ஒன்றைக் கடந்தபோது அது வருணனையாகத் தோன்றவில்லை.

மலைபடுகடாத்துக்கு வருகிறேன். பெருங்கௌசிகனார் 583 அடிகளில் நன்னனிடம் செல்லும் வழியைக் கூத்தர்க்குச் சொல்கிறார். பரிசிலைப் பற்றிய பகுதியை விட வழியின் இடர்களைப் பற்றிய பகுதி விரிவானது. பன்றிக்கு வைத்த பொறி, குழியில் கிடக்கும் பாம்பு, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை என ஒவ்வொன்றாக எச்சரிக்கிறார். இத்தனையும் ஏன் என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். மலைவளம் காட்டும் உத்தி என்று விடை சொன்னேன். பிழையான விடை. அப்பகுதியிலேயே ஓரிடத்தில், வழி பிரியும் இடங்களில் பின்னால் வருவோர் திகைக்காதபடி புல்லை முடிந்துவிட்டுச் செல்லுங்கள் என்கிறார் புலவர். போய்வந்தவன் போகிறவனைப் பற்றிப் பதறுகிற பதற்றம் அது. லாரியின் உடம்பில் தட்டிய கையும், கொடி பிடித்தவர்களும், “இது முன் சக்கரம்” என்ற இளைஞரும் செய்தது அதுவே. நான்தான் முடிந்த புல்லைப் பார்க்காமல் போனேன்.

சான் உவான் அருவி வழியின் மேலேயே விழுகிறது. அதற்கப்பால் முகில் விலகி வெயில் சுட்டது. யோலோசாவுக்கு முன் கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில் வழி அகன்றது. வேனை நிறுத்தச் சொல்லி, வீங்கிய கையோடு மீண்டும் வண்டியேறினேன். தம்பி தடுக்கவில்லை. இரண்டு பிரேக்குகளையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். நடந்து போன ஒரு மூதாட்டி என்னை முந்தியிருப்பார்.

கீழே பிள்ளை புழுதி மூடிய முகத்தோடு நின்றாள். என் கையைப் பார்த்து, “அத்தை, என்ன ஆச்சு?” என்று அழத் தொடங்கினாள். சாவு வழியில் பிழைத்தேன் என்று அச்சிட்ட பனியன் ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். அவள் அணிந்துகொண்டாள். என்னுடையதை ஓட்டுநரிடம் நீட்டினேன். தம் வீட்டில் ஏற்கெனவே நிறைய இருப்பதாகவும், லாரி துடைக்க அது நல்ல துணி என்றும் சொல்லி வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது புதிய சாலையில் சென்றோம். மலையின் எதிர்ப்பக்கத்தில் பழைய வழி ஒரு கீறலாகத் தெரிந்தது. பிள்ளை என் தோளில் உறங்கிவிட்டாள். இன்றுவரை அவள் தாயிடம் நான் விழுந்ததைச் சொல்லவில்லை. இவ்வுரை மலரில் அச்சாகும் என்று செயலாளர் கூறியுள்ளதால், அதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.