கோபுர உச்சியில் மனிதன்

வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பியதும் குரலொன்று கேட்கின்றது. அக்குரலைத் தந்தவர் யாரென வினவினால், பேசியவரையும் பாடியவரையுமே நேயர்கள் சுட்டுவர். ஆயின், அக்குரல் வானில் ஏறுதற்கு அன்ரனா வேண்டும். அந்த அன்ரனாவைக் கோபுர உச்சியிற் பொருத்துதற்கும், பழுதுற்றவிடத்துத் திருத்துதற்கும் மனிதனொருவன் ஏறியே ஆகவேண்டும். அவன் பெயரை எந்த அறிவிப்பாளரும் சொல்வதில்லை.

ஒலிபரப்புக் கோபுரங்கள் பெரும்பாலும் இருவகைப்படும். கால்களை அகல ஊன்றித் தானே நிற்பது ஒருவகை. மெலிந்த உடலோடு உயர்ந்து, பல திசைகளிலும் இழுத்துக் கட்டிய உருக்கு வடங்களின் பலத்தில் நிற்பது மற்றையது. மிக உயர்ந்த கோபுரங்கள் பலவும் இந்த இரண்டாம் வகையின. வடமொன்று அறுபடின், எதிர்ப்புறத்து வடங்களின் இழுவையே கோபுரத்தை முறித்துவிடக்கூடும்.

ஏறுபவனுடைய பாதுகாப்பு வாரில் இரு கொளுவிகள் தொங்கும். ஒன்றை மேலே கொளுவிய பின்னரே மற்றையதைக் கழற்றல் வேண்டுமென்பது விதி. வலுமிக்க அன்ரனாவின் அண்மையில் மின்காந்த அலைகள் உடலைச் சுடுமாதலால், அவன் அதனை நெருங்குமுன் ஒலிபரப்பியின் வலுவைக் குறைப்பர், அன்றேல் முற்றாக நிறுத்துவர். நள்ளிரவில் நிலையமொன்று திடீரென மௌனமாகும்போது நேயர் சலித்துக்கொள்வதுண்டு. அம்மௌனத்தின் பயனாய் ஒருவன் உயிரோடு இறங்கி வருகின்றான் என்பதை அவர் அறியார்.

எனினும், ஏறுபவனின் விழிப்பு மாத்திரம் போதுமானதன்று. இதனை உலகுக்கு உணர்த்திய துயரமொன்று 1982ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் நாள் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில், மிசூரி சிற்றி என்னும் ஊரில் நிகழ்ந்தது.

ஆங்கு எழுப்பப்பட்ட கோபுரம் 1,000 அடிக்கு மேற்பட்டது. பத்துப் பனைகளை ஒன்றன்மேலொன்றாக நிறுத்தினும் அதன் உச்சி எட்டாது. பல தொன் எடையுள்ள அன்ரனாவைப் பகுதி பகுதியாக வடத்திற் கட்டி, கப்பியும் விஞ்சும் கொண்டு மேலேற்றினர். ஒரு பகுதியின் பக்கத்தில் கூடை வடிவான உறுப்புகள் துருத்திக்கொண்டிருந்தன. அதனை நிமிர்த்தித் தூக்கும்போது வடம் அவற்றில் உராயும் நிலை ஏற்பட்டது. அவற்றைக் கழற்றி, பின்னர் மேலே பூட்டலாமா என்று தொழிலாளர் தரப்பினர் கேட்டனர். அன்ரனாவைச் செய்த நிறுவனம் இணங்கவில்லை.

ஆகவே, தூக்கும் வளையத்தோடு இரும்புச் சட்டமொன்றை ஆணிகளாற் பூட்டி, வடத்தைக் கூடைகளுக்கு அப்பால் நகர்த்தத் தாமே வழி வகுத்தனர். அச்சட்டம் போதிய பலமுடையதா என்று பார்த்துத் தருமாறு பொறியியலாளரை வேண்டினர். அவர்களோ, பார்த்து ஒப்புதல் அளித்தால் விபத்தின் சட்டப்பொறுப்பு தம்மைச் சாருமென அஞ்சி, பார்க்கவே மறுத்தனர்.

பிழை சிறியது. ஆணி பிடுங்கும் நெம்புகோலை நினைத்துப் பாருங்கள். நீண்ட பிடியைச் சற்றே அழுத்தினாலும் குறுகிய நுனியிற் பன்மடங்கு விசை பிறக்கின்றதன்றோ? அவ்வாறே, நீண்ட சட்டத்தின் முனையிற் பிடித்த சுமை, அடியிலிருந்த ஆணிகளைத் தன் எடையினும் பன்மடங்கு விசையோடு தாக்கியது. சட்டத்தை வகுத்தவர்கள் எடையை எண்ணினரேயன்றி, இந்நெம்புவிசையை எண்ணவில்லை. பொறியியல் பயின்ற ஒருவர் தாளிற் சில நிமிடங் கணக்கிட்டிருப்பின் ஆபத்துப் புலப்பட்டிருக்கும்.

உயரத்தில் ஆணிகள் அறுந்தன. வீழ்ந்த அன்ரனா தாங்குவடத்தைத் தாக்கியது. முழுக் கோபுரமும் சரிந்தது. தொழிலாளர் ஐவர் மாண்டனர். அவர்களுட் சிலர் தூக்கப்பட்ட அப்பகுதியிலேயே ஏறிச் சென்றவர்கள்.

பொறியியல் மாணவருக்கு அறம் போதிக்கும் பாடமாக இந்நிகழ்ச்சி பின்னர் அமைந்தது. தொழிலாளர் அறியாமையால் மாண்டனர் என்று கூறுதல் எளிது. ஆயின், அவர்கள் தம் அறியாமையை உணர்ந்து, அறிந்தவரிடம் சென்று கேட்டவர்கள். கேட்டவனுக்கு விடை மறுத்தவர் சட்டத்தின் முன் தப்பக்கூடும். ஐந்து குடும்பங்களின் முன் அவர் என்ன விடை கூறுவார்?

கற்றவர் எவரும் இவ்வினாவைத் தமக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்ளல் நன்று. அறிந்தவரிடம் ஐயம் கேட்டு வருபவன், சில வேளைகளில் தன் உயிரையே அவர் கையிற் கொடுத்து நிற்கின்றான்.