நெரிசலும் வாக்கும்: மும்பை ஆலைப்பகுதி சொல்லும் கணக்கு

(தேர்தல் அரசியல் குறித்துக் கட்சி ஊழியர்களுக்காக நடைபெற்ற பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் தமிழ் வடிவம்)



மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் வாக்குகள் இடப்பக்கம் சாயும், சிதறி வாழும் இடங்களில் வலப்பக்கம் சாயும் என்றொரு கருத்து மேற்கு நாடுகளின் தேர்தல் ஆய்வுகளில் வேரூன்றியிருக்கிறது. நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்கள் ஜனநாயகக் கட்சிக்கும், அமெரிக்க நாட்டுப்புறம் குடியரசுக் கட்சிக்கும் வாக்களிப்பதைக் காண்பவர்க்கு இது இயற்கை விதி போலவே தோன்றும். ஜோனாதன் ராடன் என்னும் அரசியல் அறிஞர், 2019இல் வெளியிட்ட நூலில் இதன் வேரைத் தொழில்மயக் காலத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் தேடுகிறார். அந்த அளவில் அவர் சரியான இடத்தில்தான் தேடுகிறார்.

ஆனால் இந்தியாவின் வாசற்படியிலேயே அந்த விதி தடுக்கி விழுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சதுர கிலோமீட்டருக்கு நாட்டின் சராசரி 382 பேர். பீகாரில் 1,106, மேற்கு வங்கத்தில் 1,028, கேரளத்தில் 860. பீகாரில் 2020இல் இடதுசாரிக் கட்சிகள் 16 சட்டமன்ற இடங்களை வென்றன. 2025இல் அது மூன்றாகச் சுருங்கியது. வங்கத்தில் 2006இல் 235 இடங்கள் பெற்ற இடது முன்னணிக்கு 2021இல் ஓர் இடமும் கிட்டவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் வங்கத்தின் நிலம் விரிந்துவிடவில்லை, மக்களும் கலைந்துபோய்விடவில்லை. வாக்கு மட்டும் இடம் மாறியது. ஆகவே நெருக்கம் என்னும் எண் தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. அது எதற்குப் பயன்படுகிறது என்பதை அறிய மும்பையின் கிரண்காவுக்குச் செல்ல வேண்டும்.

கிரண்காவ் என்றால் மராத்தியில் ஆலையூர். பரேல், லால்பாக், வொர்லி, சிவ்ரி எனப் பரவிய பஞ்சாலைப் பகுதி அது. கொங்கணக் கடற்கரையிலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலிருந்தும் வந்தவர்கள் சால் எனப்படும் வரிசை வீடுகளில் அடைந்து கிடந்தனர். ஓர் அறையில் பத்துப் பேர். பகல் முறைக்காரன் எழுந்து சென்ற பாயில் இரவு முறைக்காரன் வந்து படுப்பான். நீண்ட பொதுத் தாழ்வாரம், பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களுக்குச் சோறாக்கிப் போட்ட பெண்களின் கானாவள்கள் இருந்தன. ஆலை வாயிலில் காலையில் பேசப்பட்டது மாலைக்குள் ஒவ்வொரு தாழ்வாரத்தையும் எட்டிவிடும். செங்கொடிச் சங்கம் வளர்ந்த மண் அது. 1957இல் மத்திய பம்பாயிலிருந்து எஸ்.ஏ.டாங்கே நாடாளுமன்றம் சென்றார். ஐக்கிய மகாராஷ்டிர இயக்கத்தின் அலை அதற்குத் துணை நின்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதே சால்களில்தான் 1966இல் தொடங்கப்பட்ட சிவசேனையும் வேர் பிடித்தது. தென்னிந்தியர் வேலைகளைப் பறிக்கிறார்கள் என்ற கூச்சல் அதன் முதல் முதலீடு. மாதுங்காவிலும் தாராவியிலும் வாழ்ந்த தமிழர்கள் அந்த வெறுப்பை நேரில் கண்டவர்கள். 1970 ஜூனில் பரேல் சட்டமன்ற உறுப்பினரும் கம்யூனிஸ்ட் தலைவருமான கிருஷ்ண தேசாய் படுகொலை செய்யப்பட்டார். அதையடுத்து நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவியே போட்டியிட்டும், வென்றது சிவசேனை. அந்தக் கட்சியின் முதல் சட்டமன்ற உறுப்பினர் இவ்வாறுதான் வந்தார். அதே தெரு, அதே நெரிசல், பெரும்பாலும் அதே வாக்காளர்கள்.

இதை அடக்குமுறையால் மட்டும் விளக்கிவிட முடியாது. சங்கத்தின் இருப்பிடம் ஆலை வாயில். சேனையின் இருப்பிடம் தெருமுனைக் கிளை. குழாயில் தண்ணீர் வராவிட்டால், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால், மருத்துவமனையில் படுக்கை வேண்டுமென்றால், சால்வாசி ஓடியது கிளைக்கு. கணபதி மண்டலும் உடற்பயிற்சிக் கூடமும் இளைஞர்களை அங்கே ஈர்த்தன. கூலிக்காகச் செங்கொடிச் சங்கத்தில் நின்ற தொழிலாளியே தேர்தலில் சேனைக்கு வாக்களித்தான் என்று அன்றைய ஊழியர்கள் வருந்திக் கூறியதுண்டு. அந்த வருத்தத்தில் ஒரு பாடம் இருந்தது. அது உரிய காலத்தில் கற்கப்படவில்லை.

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். முறைப்படி அது முடித்துக்கொள்ளப்படவே இல்லை. 1984இல், நாடெங்கும் காங்கிரஸ் அலை அடித்தபோது, மும்பை தென்மத்தியத் தொகுதி சாமந்த்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. நெருக்கமும் போராட்டமும் கைகோத்தால் என்ன நிகழும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை போனதும் ஆலை வாயில் போயிற்று. வாயில் போனதும் சங்கத்துக்கு நிற்க இடமில்லை. தெருமுனைக் கிளை மட்டும் அப்படியே இருந்தது.

ஏறத்தாழ 600 ஏக்கர் ஆலை நிலம் இருந்தது. 1991ஆம் ஆண்டு விதி, அதை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கைத் திறந்தவெளிக்கும் இன்னொரு பங்கைப் பொது வீட்டுவசதிக்கும் ஒதுக்கியது. 2001இல் வந்த திருத்தம், காலி நிலத்துக்கு மட்டுமே இப்பங்கீடு என்று சுருக்கியது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இன்று புகைபோக்கிகள் நின்ற இடத்தில் வணிக வளாகங்களும் வானளாவிய குடியிருப்புகளும் நிற்கின்றன. அங்கும் மக்கள் நெருக்கம் உண்டு, செங்குத்தாக. ஆனால் காவலர் காக்கும் வாயிலுக்குள் துண்டறிக்கை நுழையாது. பொதுத் தாழ்வாரம் என்ற ஒன்றே அங்கில்லை.

இப்போது தாராவி. மறுகட்டமைப்பு, அதானி குழுமத்தின் கைக்குப் போயிருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்ந்ததை மெய்ப்பிப்பவர்க்கே தாராவிக்குள் இலவச வீடு. மாடியறையில் வாழ்வோரும் பின்னர் வந்தோரும் வெளியே அனுப்பப்படுவர். அதற்கு உப்பள நிலங்களும் தேவ்நார் குப்பைமேட்டு நிலமும் பேசப்படுகின்றன. தோல் பதனிட்டும் மண்பாண்டம் வனைந்தும் ஆடை தைத்தும் வாழும் மக்கள் தம் வீட்டை மட்டும் இழக்கப்போவதில்லை. தம் எண்ணிக்கை ஒரே தொகுதியில் திரண்டு நிற்கும் வலிமையையும் இழக்கப்போகிறார்கள். சிதறடிக்கப்பட்ட வாக்கு, ஐந்து தொகுதிகளில் ஐந்து சிறுபான்மையாகக் கரைந்துவிடும்.

வீடு மாறுபவர் வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற எட்டாம் எண் படிவம் அளிக்க வேண்டும். அளிக்கத் தவறினால் பழைய முகவரியில் இல்லையென நீக்கப்படலாம். புதிய முகவரியிலும் பெயர் இராது. தகுதிக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக எண் எழுதப்படும் சந்துகளில், அந்தப் படிவத்தோடு முதலில் நுழையப்போவது யார்? 1970இல் குழாயடியில் நின்றது யார் என்பதே அன்று தேர்தலை முடிவு செய்தது.