கட்டடத் தொழிலும் மந்த காலமும்

(வேடசந்தூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கட்டடத் தொழில் இனி நம் பிள்ளைகளுக்குச் சோறு போடுமா என்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். நாம் தமிழ் கற்பிப்பவரேயன்றிப் பொருளியல் வல்லுநர் அல்லேம். ஆயினும், நம்மிடம் பயின்ற பிள்ளைகள் பலர் இன்று உளியும் இரசமட்டமும் ஏந்தி நிற்கின்றனராதலின், அறிந்தவற்றைச் சொல்லத் துணிகின்றோம்.

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார் என்று நம் பெரியோர் இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். கைமுடை வந்த காலத்தில் இவ்விரண்டும் ஒன்றாகா. கலியாணத்திற்கு நாள் குறித்தாயிற்றெனின் கடன்பட்டாவது நடத்துவர். மாடி எழுப்புவதையோ அடுத்த தை மாதத்திற்குத் தள்ளிவைப்பர். மந்தம் வருங்கால் பிற தொழில்களினும் முந்திக் கட்டடத்தொழில் சாய்வதன் காரணம் இதுவே. நம் ஊரைச் சூழ நூற்பாலைகள் மலிந்திருக்கின்றன. 2023 ஜூலையில் தமிழகத்துச் சிறு நூற்பாலைகள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தன. நூல் விலைக்கும் நம் இழைப்புளிக்கும் யாது தொடர்பு என வினவுவீராயின் கூறுவோம்: நூல் விலைபோகாவிடின் ஆலைக்காரர் புதுக் கொட்டகை போடார், ஆலையில் வேலை குறைந்தவன் தன் வீட்டிற்குத் திண்ணையும் கட்டான், கொத்தனார்க்கு வேலை இல்லையேல் நிலைக்கும் கதவுக்கும் நம்மிடம் வருவார் யாவர்?

2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் முடிய மூன்று மாதத்தில் இந்திய நாட்டின் கட்டடத்துறை, முந்திய ஆண்டின் அதே மாதங்களை நோக்க, 50.3 விழுக்காடு வீழ்ந்தது என்று அரசின் முதற்கணக்கு கூறிற்று. உழவுத்துறையோ அதே மாதங்களில் 3.4 விழுக்காடு வளர்ந்தது. மறு ஆண்டு அதே பருவத்தில் கட்டடத்துறை 68.3 விழுக்காடு உயர்ந்தது எனக் கேட்டுப் பலர் மகிழ்ந்தனர். நம் மாணவர்க்குக் கொடுக்கும் கணக்காகவே இதைப் போட்டுப் பாருங்கள். நூறாக இருந்தது ஏறத்தாழ ஐம்பதாயிற்று; அவ்வைம்பதின் மேல் அறுபத்தெட்டு விழுக்காடு ஏறினால் எண்பத்து நான்கே ஆகும். எஞ்சிய பதினாறுக்குரிய கைகள் அப்பொழுதும் வெறுங்கைகளே.

ஈண்டு நாம் கருதவேண்டுவது ஒன்றுண்டு. மந்தத்தில் இழக்கும் வேலை இருவகைத்து: ஒத்திவைக்கப்பட்ட வேலை ஒன்று, நம்மை விட்டே போய்விட்ட வேலை மற்றொன்று. முன்னது காலந்தாழ்த்தேனும் திரும்பும், பின்னது திரும்பாது. இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்தலின், இதுவோ அதுவோ என நம்மவர் மயங்குகின்றனர். தேக்கிலும் வேம்பிலும் நிலை செய்து வாழ்ந்த தச்சர், இரும்பு நிலையும் யு.பி.வி.சி. கதவும் கடையிலிருந்து நேரே வந்திறங்குவதைக் கண்டும், "மந்தம் தீரட்டும்" என்று காத்திருக்கின்றார். மந்தம் தீர்ந்தாலும் அவ்வேலை அந்த அளவிற்கு மீளாது. அக்கதவைப் பிசகின்றிப் பொருத்தவும், அடுக்களை அலமாரி அமைக்கவும், அலுமினியச் சட்டம் கோக்கவும், வரைபடம் பார்த்து அளவெடுக்கவும் தேர்ந்த கை வேண்டும். மரத்தின் நெளிவறிந்தவர்க்கு இவை சில மாதப் பழக்கமே. இளைஞர்க்கோ அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் பற்றவைப்பும் மின்கம்மியமும் கற்பிக்கின்றனர்.

"அது நம் தொழிலன்று" என்னும் சொல்லை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கின்றோம். ஐந்தொழில் மரபினர் கோயில் எடுத்தனர், தேர் செய்தனர் என்பது பெருமையே. அப்பெருமை பேசுவோர் வீட்டு இளைஞர் கரணை பிடிப்பதையும் தட்டோடு பதிப்பதையும் இழிவெனக் கருதி, வேலையில்லை வேலையில்லை என்று பேருந்து நிலையத்தில் அமர்ந்திருத்தல் எவ்வகைப் பெருமையோ அறியேம். புதுவீடு கட்டாதவனும் ஐப்பசி மழைக்கு முன் ஒழுகும் கூரையை அடைத்தே ஆகவேண்டும். பழுதுபார்க்கும் வேலையில் கூலி சிறிது; ஆனால் மந்தத்திலும் அது நிற்பதில்லை.

தனியார் கைவிட்ட காலத்தில் அரசு வேலை தாங்கிய செய்திகளும் உள. 1929-இல் அமெரிக்காவில் தொடங்கிய பெருமந்தம் உலகை அலைத்தபோது, 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணைவேலை கைவிடப்படாது 1934-இல் முடிந்தது. அமெரிக்கர் தாமும் அம்மந்தத்திடையே 1931-இல் ஹூவர் அணையைத் தொடங்கி ஐந்தாண்டில் முடித்தனர். நம் காலத்தில், 2030-க்குள் ஊரகங்களில் எட்டு இலட்சம் வீடுகள் கட்டும் கலைஞரின் கனவு இல்லத் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. வீடொன்றுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய். சிறு வீடுகளே, ஆயினும் ஒவ்வொன்றுக்கும் நிலையுண்டு, கதவுண்டு, சன்னலுண்டு. நம் ஒன்றியத்து ஊர்களில் எங்கெங்கு அவ்வேலை நடக்கின்றதென்று விசாரித்து அறிதல் இளைஞர் கடன்.

இனி நலவாரியம். 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1994-இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. விபத்து, மகப்பேறு, பிள்ளைகளின் கல்வி, திருமணம் இவற்றுக்கு உதவியும், 60 வயது நிரம்பியபின் ஓய்வூதியமும் அதன்வழிக் கிடைக்கும். 2020 ஊரடங்கில் பதிவு பெற்றவர்க்கு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெயும் தனியே வழங்கினர். பதியாதார் குடும்ப அட்டைக்கு உரியதோடு நின்றனர். கொத்தனார்க்கு மட்டுமே வாரியம் என்று எண்ணுவார் நம்மிடையே பலர். தச்சர், கல்லுடைப்போர், கம்பி வளைப்போர், வண்ணம் பூசுவோர் யாவரும் பதியலாம். சித்தாளாகச் செல்லும் நம் சகோதரிகளையும் மறத்தல் கூடாது. வேலை குறைந்தவுடன் மேஸ்திரி முதலில் நிறுத்துவது அவர்களையே. கணவன் பதிந்தால் போதுமென்று இருந்துவிடாமல், அவர்கள் தம் பெயரிலேயே பதிதல் வேண்டும். முன்னரே பதிந்தவர் புதுப்பிக்கும் நாள் கடந்ததா என்று அட்டையை எடுத்துப் பார்ப்பாராக.

பதிவு இணையவழி நடைபெறுகின்றது. எழுதத் தயங்குவோர்க்காக, வருகின்ற ஞாயிறுதோறும் காலையில் சங்கக் கட்டடத்தில் நாமும் மேல்வகுப்பு மாணவர் சிலரும் அமர்ந்திருப்போம். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், வயதுச் சான்று, நிழற்படம் இவற்றைக் கொண்டு வருக.